ஹம்மிங் பறவையின் சிறகு: உறைய வைப்பதா, துடிக்க விடுவதா?

பாலைமணல் | ஃபீனிக்ஸ், அரிசோனா

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தென்கிழக்கு அரிசோனாவுக்குப் போகிறேன். மடேரா கேன்யன், ராம்சே கேன்யன், பட்டகோனியா ஊரிலுள்ள பேட்டன் மையம் மூன்றும் திட்டத்தில் இருக்கின்றன. அங்கே மழைக்காலமான அந்த வாரங்களில் பத்துக்கும் மேற்பட்ட ஹம்மிங் பறவை இனங்கள் வந்து சேரும் என்கிறார்கள்.

கையில் கேனான் 100-400 இரண்டாம் பதிப்பு லென்ஸ் இருக்கிறது. வீட்டுப் பின்புறச் செடிகளுக்கு வரும் அன்னா ஹம்மிங் பறவைகளை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். மதுரையில் இருந்தவரை தேன்சிட்டு நிறைய எடுத்திருக்கிறேன். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும்; நாம் மூச்சு விடவாவது நேரம் இருக்கும். ஹம்மிங் பறவையோ அந்தரத்தில் நின்று குடிக்கிறது. ஃபோகஸ் பிடிப்பதற்குள் ஆளைக் காணவில்லை. ஷட்டரை 1/3200 நொடிக்கு வைத்தாலும் சிறகு நுனி கலங்கித்தான் விழுகிறது. போதாக்குறைக்கு, ஆண் பறவையின் தொண்டை பெரும்பாலான படங்களில் வெறும் கறுப்பு.

கூட வரும் நண்பர், "நான்கு ஃபிளாஷ் வாங்கிக்கொண்டு வா, இல்லாவிட்டால் போவதே வீண்" என்கிறார். உண்மைதானா? செலவு பெரிது; சுமக்கப்போகும் எடை அதைவிடப் பெரிது.

கூர்முனை | சான் ஹோசே, கலிபோர்னியா

நான் உங்கள் நண்பர் கட்சி. 1/3200 நமக்குத்தான் வேகம். அந்தப் பறவைக்கு அது சோம்பல். சிறகை நிறுத்த வேண்டுமானால் ஷட்டரை மறந்துவிட்டு, ஃபிளாஷ் எத்தனை நேரம் எரிகிறது என்று பாருங்கள். கேமரா மேல் மாட்டும் சாதாரண ஃபிளாஷை முழுத் திறனில் அடித்தால் ஒளி மெதுவாகத்தான் அணையும். அதையே 1/16, 1/32 என்று இறக்கிவிட்டால் மாடலைப் பொறுத்து 1/10,000 நொடியும் அதற்குக் குறைவுமாகச் சுருங்கிவிடும். அந்தச் சொடுக்கு நேரம்தான் உங்கள் உண்மையான ஷட்டர். திறன் குறைவதால் ஒளி போதாது. ஆகவேதான் ஒன்றுக்கு நான்கு, ஐந்து வைக்கிறோம், பறவையிலிருந்து இரண்டடித் தொலைவிலேயே வைக்கிறோம்.

இடம் நிழலாக இருக்க வேண்டும். ஷட்டர் 1/200, லென்ஸ் துளை எஃப்/11 முதல் எஃப்/16 வரை (எண் கூடினால் துளை சிறிது), ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ. 200 அல்லது 400. ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக வர வேண்டும். அதில் பின்னணி தெரிந்தால் வெயில் உள்ளே நுழைகிறது என்று பொருள்; கூரான சிறகின் மேல் கலங்கிய இரண்டாவது சிறகு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் இரண்டு ஃபிளாஷ், சற்று மேலிருந்து. வயிற்றுக்குக் கீழிருந்து ஒன்று. முதுகு விளிம்புக்குப் பின்னாலிருந்து ஒன்று. இன்னொன்று பின்னணிப் பலகைக்கு. அதிவேக ஒத்திசைவு என்ற பொத்தானைத் தொடாதீர்கள். அது ஒளியைத் துண்டு துண்டாகத் தொடர்ந்து அடிக்கும், நாம் வந்த காரியமே கெட்டுவிடும்.

இதை ஏமாற்று என்று யாராவது சொல்ல வருவார்கள், தெரியும். எம்.ஐ.டி.யின் ஹெரால்டு எட்ஜர்டன் 1930-களிலேயே ஹம்மிங் பறவைகள் மேல் மின்பொறி ஒளி அடித்துப் பார்த்தவர். டூபாண்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த கிராஃபோர்டு கிரீன்வால்ட், அதிவேக ஃபிளாஷ் கருவிகளைச் சுமந்துகொண்டு தென் அமெரிக்கா வரை அலைந்து, 1960-இல் இப்பறவைகளைப் பற்றி ஒரு பெரிய படநூலே வெளியிட்டார். சிறகு எப்படி வளைகிறது, எப்படிப் புரள்கிறது என்று உலகம் கண்ணால் பார்த்தது இவர்களைப் போன்றவர்களால்தான்.

ஸ்காபரோ அன்னம் | ரொறன்ரோ

கூர்முனை அண்ணா, ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். சலிப்பு என்றுதான் சொல்வேன். பச்சை நிறப் பின்னணிப் பலகை, ஒரு ஒற்றைப் பூ, எட்டுத் திசையிலும் நிழலே இல்லாத ஒரு பறவை. எக்குவடோரில் எடுத்ததா, பக்கத்துக் கடையின் ஸ்ரூடியோவில் எடுத்ததா என்று கேட்டால் படம் பதில் சொல்லாது.

எங்கள் ஒன்ராறியோவுக்கு வருவது பெரும்பாலும் ஒரே இனம்தான், செந்தொண்டை ஹம்மிங். மே மாதம் வரும், செப்டெம்பரில் புறப்பட்டுவிடும். ஆண்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்குக் கிட்ட ஒரு ஓடைக்கரையில், நம்முடைய காசித்தும்பைக்குச் சொந்தமான செம்மஞ்சள் பூச்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கும். ஆகஸ்ட் முழுக்க நான் அந்தப் பக்கம்தான். ஃபிளாஷ் கிடையாது.

பாலைமணல் தம்பி, பறவையைத் துரத்தி ஃபோகஸ் பிடிக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது நடக்காத காரியம். பூவைக் கவனியுங்கள். இந்தப் பறவை அலகை உள்ளே விட்டுக் குடிக்கும்; பிறகு ஒரு சாண் பின்னால் நகர்ந்து அந்தரத்தில் நிற்கும்; மறுபடி அதே பூவுக்கோ அடுத்த பூவுக்கோ போகும். அந்தப் பின்வாங்கும் கணத்தில் முகம் திறந்திருக்கும், பூவும் படத்தில் இருக்கும், உடலும் அசையாது. கமராவை முன்கூட்டியே அந்த வெற்றிடத்துக்குக் குறிவைத்துக் காத்திருங்கள். பூவுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிக் காற்றில் குறிவைப்பது முதலில் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், பழகிவிடும்.

இரண்டாவது, காது. நீங்கள் பார்ப்பதற்கு முன்பே ரீங்காரம் வந்துவிடும். கண்ணைக் கமராவில் வைத்துக்கொண்டு காதால் திசையைப் பிடியுங்கள்.

வால்பாறைவாசி | வால்பாறை

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் வீட்டு இட்லிப்பூச் செடியில் அந்தி நேரத்தில் ஒன்று வருகிறது. அந்தரத்தில் நின்று நீளமான அலகால் தேன் குடிக்கிறது, ரீங்காரமும் கேட்கிறது. இந்தியாவில் ஹம்மிங் பறவை இல்லை என்கிறார்களே?

ஒளிவில் | கோவை

அந்த 'அலகை'க் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். குடித்து முடித்ததும் சுருட்டிக்கொள்ளும். தலையில் இரண்டு உணர்கொம்புகளும் இருக்கும். அது பருந்து அந்துப்பூச்சி வகை. ஹம்மிங் பறவைகள் 350-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும்தான். வாட்ஸ்அப்பில் "குற்றாலத்தில் ஹம்மிங் பறவை" என்று ஆண்டுதோறும் சுற்றும் படமும் இந்தப் பூச்சியாகவோ தேன்சிட்டாகவோதான் இருக்கும். ஆனால் படம் எடுத்துப் பழக நல்ல பூச்சி. விடாதீர்கள்.

இனி பாலைமணலுக்கு. மகள் வீடு கலிபோர்னியாவில் இருப்பதால் அங்கே போகும்போதெல்லாம் அன்னா ஹம்மிங்கோடு மல்லுக்கட்டுகிறேன். ஃபிளாஷ் வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடும் முன் கணக்கைப் போட்டுவிடுவோம்.

சிறிய இனங்கள் நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சிறகடிக்கின்றன. சிறகின் நீளம் 4.5 செ.மீ., வீச்சு 150 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னே போய்ப் பின்னே வர, நுனி 23 செ.மீ. சொச்சம் பயணம் செய்கிறது. நொடிக்குக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 12 மீட்டர். நீங்கள் வைத்த 1/3200 நொடியில் நுனி மூன்றே முக்கால் மில்லிமீட்டர் ஓடிவிடுகிறது. அதுதான் உங்கள் கலங்கல். கூர்முனை சொல்லும் முறையில் ஒளி 1/16,000 நொடிக்கு வந்தால் ஓட்டம் முக்கால் மில்லிமீட்டர். அவர் சொல்வதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை.

ஆனால் 12 மீட்டர் என்பது சராசரி. அந்தரத்தில் நிற்கும் ஹம்மிங் பறவை சிறகை மேலும் கீழும் அடிப்பதைவிட முன்னும் பின்னுமாக, ஏறக்குறைய படுக்கை வாட்டில் வீசுகிறது. ஒவ்வொரு கோடியிலும் சிறகு நின்று, புரண்டு, திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் வேகம் பூச்சியத்தைத் தொடுகிறது. அங்கே மாட்டினால் 1/1000 நொடியில்கூடச் சிறகு ஓரளவு கூராக விழும். நொடிக்கு 15, 20 படம் எடுக்கும் கேமராவில் ஒரு கொத்துப் படம் எடுத்தால் அதில் ஒன்றாவது இரண்டாவது திருப்பத்தில் சிக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை அழியுங்கள். அந்த நேரத்தில் தலையும் உடலும் அநேகமாக ஆணி அடித்ததுபோல் நிற்கும், கண்ணுக்கு 1/500 போதும்.

ஆகவே சிறகு உங்கள் ருசி சார்ந்த விஷயம். உங்கள் நிஜமான சிக்கல் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, கறுப்புத் தொண்டை, அதுதான்.

பாலைமணல்

ஐயா, அதற்கு வழி உண்டா? அன்னா ஆண் பறவைக்குத் தொண்டை மட்டுமல்ல, தலை முழுக்கவே செவ்விளஞ்சிவப்பு என்று புத்தகத்தில் இருக்கிறது. என் படத்தில் கரிக்கட்டை.

ஒளிவில்

அந்த இறகில் சிவப்புச் சாயம் என்று எதுவும் இல்லை. இறகின் நுண்ணிழைகளுக்குள் காற்றுக் குமிழிகள் அடைத்த தட்டையான மெலனின் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டும் வலுப்பெற்று, ஒரு குறுகிய கோணத்தில் வெளியேறுகிறது. மயில்கழுத்துப் பட்டுப்புடவையைக் கடைக்காரர் மடிப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார் அல்லவா, அதைவிடப் பத்து மடங்கு பிடிவாதம் இதற்கு. நீங்கள் அந்தக் கோணத்தில் இல்லையென்றால் மெலனின்தான் தெரியும். மெலனின் கறுப்பு.

இதனால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்; உங்கள் நிழல் பறவையை நோக்கி நீண்டிருந்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். பறவை முகத்தை உங்கள் பக்கம் திருப்பும் நொடிக்காகக் காத்திருங்கள். தலையை அது இரண்டு பாகை அசைத்தால் போதும், மொத்தமும் பற்றிக்கொண்டு எரியும், அடுத்த கணம் அணையும். மேகமூட்டம் இருந்தாலும் கவலை இல்லை. வானம் முழுக்க ஒளி பரவி இருப்பதால் தொண்டையின் ஏதோ ஒரு பகுதியாவது ஒளிரும். மரத்தடி இருட்டில் நின்றுகொண்டு நிறம் வரவில்லை என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

எரியும்போது இன்னொரு ஆபத்து. சிவப்புச் சானல் மட்டும் தனியாக வெந்துவிடும். படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடமான பொதுவான ஹிஸ்டோகிராம் நல்லபிள்ளையாக நடுவில் உட்கார்ந்திருக்கும்; தொண்டையில் ஒரு இறகுச் செதில்கூடத் தெரியாமல் சிவப்புத் திட்டாகப் போயிருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வையுங்கள். ஒளியைப் பாதியாக்கும் ஒரு படிதான் ஸ்டாப்; ஆண் பறவைக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு குறைத்தே எடுங்கள்.

கூர்முனை

ஐயா கணக்குப் போட்டு என் பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டு, "ருசி" என்று சொல்லி எதிர்க்கட்சிக்கு மேடை போட்டுக் கொடுத்துவிட்டார்!

வெயில் அடிக்கும் அரிசோனாவுக்கும் ஒன்ராறியோவுக்கும் நீங்கள் சொல்வதெல்லாம் பொருந்தும். எக்குவடோரில் மிண்டோ பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவு. பிற்பகலில் மேகம் இறங்கி மரத்துக்குள் புகுந்துகொள்ளும். அந்த இருட்டில் 1/3200 வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. 25,600-இல் போய் நிற்கும். காலில் வெள்ளைப் பஞ்சு உருண்டையும் வாலில் இரண்டு மட்டையும் மாட்டிக்கொண்டு ஒரு சின்னஞ்சிறு பறவை வரும். அந்த வால் மட்டையின் ஒவ்வொரு இழையும் தெரிய வேண்டாமா? குருணை குருணையாக ஒரு படத்தை வைத்துக்கொண்டு "இயற்கை ஒளி" என்று பெருமைப்படுவதைவிட, நான்கு ஃபிளாஷ் சுமந்து முதுகு வலிப்பது மேல்.

எக்குவடோர் தலைநகர் கீட்டோவுக்கு அருகே 3,500 மீட்டர் உயரத்தில் யானகோச்சா காப்புக்காடு இருக்கிறது. உடலைவிட நீளமான அலகு கொண்ட வாள்அலகு ஹம்மிங் அங்கே வரும். அலகு நுனி முதல் கண் வரை ஃபோகஸில் இருக்க வேண்டுமென்றால் எஃப்/5.6 உதவாது, எஃப்/16 வேண்டும். எஃப்/16-க்கு அந்த மேகத்துக்குள் ஒளி எங்கிருந்து வரும்?

ஸ்காபரோ அன்னம்

வாள்அலகு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் இல்லை. சிறகு முழுக்க உறைந்த படத்தில் அந்தப் பறவை நூல் கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருக்கிறது. 1/640-இல் எடுத்துப் பாருங்கள். கண் கூராக, அலகில் ஒரு மகரந்தத் துகள்கூடத் தெரியும். சிறகு இரண்டு பக்கமும் புகை மாதிரி விரிந்திருக்கும். அந்தப் பறவை உயிரோடு இருக்கிறது என்று பார்க்கிறவருக்குப் புரியும். நாம் நேரில் பார்ப்பதும் அப்படித்தானே?

கீழைக்காற்று | ஹூஸ்டன்

பல ஃபிளாஷ் அமைப்பு பற்றி என் மனக்குறையையும் இறக்கிவைக்கிறேன். ஒரு தங்கும் விடுதியில், பெயர் வேண்டாம், "காட்டு ஹம்மிங் பறவைப் படப்பிடிப்பு" என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டிப் போனோம். கொட்டகைக்குள் ஐந்து ஃபிளாஷ் ஏற்கெனவே நின்றன. அச்சடித்த காட்டுப் பின்னணி. கிடுக்கியில் மாட்டிய பூவுக்குள் ஊசியால் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். வழக்கமாகச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தொங்கவிடும் ஊட்டிகளை இறக்கி மறைத்துவிட்டதால் பறவைகள் வேறு வழியின்றி அந்தப் பூவுக்கு வந்தன. பத்துப் பேரும் ஒரே ரிமோட்டில் ஒரே படம். நான் செய்தது மெமரி கார்டு மாற்றியது மட்டும்.

பூவையாவது அந்த மலையில் வளரும் பூவாக வைத்திருக்கலாம். கடையில் வாங்கிய அலங்காரப் பூ. அந்தப் பறவை தன் வாழ்நாளில் அதைப் பார்த்திருக்கவே முடியாது. அதன் கீழே "மழைமேகக் காட்டில், இயற்கைச் சூழலில்" என்று எழுதிப் போட்டிக்கு அனுப்புகிறார்கள்.

கூர்முனை

அது ஃபிளாஷின் குற்றம் இல்லை, படக்குறிப்பின் குற்றம். ஊட்டி வைத்து எடுத்தால் ஊட்டி என்று எழுதுங்கள், பலகை வைத்தால் பலகை என்று எழுதுங்கள். நான் எழுதுகிறேன். எழுதிய பிறகும் படம் நன்றாகத்தான் இருக்கிறது.

பூவுக்கு உள்ளூர்ச் செடி வேண்டும் என்பதில் கீழைக்காற்றோடு முழுக்க உடன்படுகிறேன். டிரினிடாட்டில் தோட்டத்து வேலியோரமெல்லாம் நம்மூர்ச் சீமை நாயுருவி நீலமாகப் பூத்துக் கிடக்கும். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சக்கழுத்து ஆண் பறவை, காது ஓரம் விசிறி மாதிரி செம்பழுப்பு இறகு, அது அந்தக் கதிரில் பூ பூவாக ஏறி வரும். பலகையும் வேண்டாம், கிடுக்கியும் வேண்டாம். கதிர் எந்தப் பக்கம் பூத்திருக்கிறது என்று பார்த்து நின்றால் போதும்.

கீழைக்காற்று

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் டெக்சாஸ் கடற்கரைக்கும் ஒருமுறை வாருங்கள். செப்டம்பரில் ராக்போர்ட் ஊரே இதற்காகத் திருவிழா நடத்துகிறது. மெக்சிகோ வளைகுடாவைக் கடக்கும் முன் செந்தொண்டை ஹம்மிங் அங்கே வந்து கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். மூன்று கிராம் பறவை புறப்படும்போது ஏறத்தாழ இரட்டிப்பு எடையாகிவிடும். படத்தில் வயிறு பிதுங்குவது தெரிந்தால் அது குஞ்சு பொரிக்கப் போகும் பறவை என்று எழுதாதீர்கள், பயணச் சாப்பாடு.

பாலைமணல்

ஒரு நுட்பக் கேள்வி. என் கேமராவில் மின்னணு ஷட்டர் வைத்தால் 1/8000-க்கு மேலும் போகலாம், சத்தமும் இல்லை. ஆனால் சிறகு ரப்பர் மாதிரி வளைந்து வருகிறது. கேமரா பழுதா?

ஒளிவில்

பழுதில்லை. சாதாரண சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் 1/8000 நொடிதான் ஒளி விழுகிறது, ஆனால் கடைசி வரிக்கு வந்து சேர 1/30 நொடி ஆகிவிடுகிறது என்றால், அதற்குள் சிறகு ஒன்றரை முறைக்கும் மேல் அடித்துவிடும். மேல் வரியில் இருந்த சிறகு வேறு, கீழ் வரியில் இருக்கும் சிறகு வேறு. அடுக்குச் சென்சார் உள்ள நிக்கான் இசட்9 போன்றவை பல மடங்கு வேகமாக வாசிப்பதால் வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும். 2023 நவம்பரில் அறிவித்த சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது. அதில் இந்தத் தொல்லையே கிடையாது. விலையைப் பார்த்த பிறகு வேறு தொல்லை வரும். நீங்கள் இயந்திர ஷட்டரிலேயே இருங்கள். சத்தத்துக்கு இந்தப் பறவை அஞ்சுவதில்லை, ஊட்டி அருகே நிற்கும் மனிதர் காதோரமே பறக்கும்.

லென்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் 100-400 கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்கு உள்ளேயே ஃபோகஸ் ஆகும். இந்த வேலைக்கு அதுதான் வரம். பெரிய 500, 600 லென்ஸ்கள் வைத்திருப்பவர்கள் பறவை மூன்று மீட்டருக்குள் வந்துவிட்டால் பின்னால் நகர இடம் தேடுவார்கள். லென்ஸில் இருக்கும் ஃபோகஸ் எல்லைப் பொத்தானை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தூர நிலையில் இருந்தால் அருகே ஃபோகஸ் ஆகாது.

ஸ்காபரோ அன்னம்

வீட்டில் ஊட்டி வைத்துப் பழகுகிறவர்களுக்கு: வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. வேறு எதுவும் வேண்டாம். தேன் சேர்த்தால் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயம் தேவையே இல்லை, ஊட்டியின் மூடி சிவப்பாக இருந்தால் பறவைக்குப் போதும். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். படம் எடுத்து முடித்ததும் ஊட்டியை மறந்துவிட்டு, உள்ளே கறுப்புப் படலம் கட்டிய பிறகும் தொங்கவிட்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கோபம் வருகிறது.

ஊட்டியைப் படத்தில் காட்டப் பிடிக்காதவர்கள், அதற்கு மூன்றடி தள்ளி ஒரு காய்ந்த குச்சியை நட்டுவையுங்கள். ஊட்டிக்குப் போகும் முன் அதில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்க்கும். ஆண் பறவைக்கு எல்லை காக்கும் புத்தி அதிகம். பிடித்த குச்சி கிடைத்துவிட்டால் நாள் முழுக்க அதற்கே திரும்பத் திரும்ப வரும். தலை சிலிர்ப்பது, சிறகை நீட்டிச் சோம்பல் முறிப்பது, நாக்கை வெளியே நீட்டுவது எல்லாம் அங்கே கிடைக்கும். பறப்பதை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

நெறியாளர்

ஓர் உறுப்பினர் நேற்று இந்த இழையில் போட்ட ஹம்மிங் பறவைக் கூட்டின் படத்தை நீக்கியிருக்கிறேன். கூட்டை மறைத்திருந்த இலைக் கிளையை ஒடித்துவிட்டு எடுத்திருக்கிறார். சிலந்தி நூலையும் செடிப் பஞ்சையும் சேர்த்துப் பின்னி, வெளிப்புறம் பாசிக்காளான் துணுக்குகளை ஒட்டிப் பெண் பறவை அந்தக் கூட்டைக் கட்டுகிறது. முட்டை இரண்டு, அவரை விதை அளவு. அடைகாப்பதும் ஊட்டுவதும் அவள் ஒருத்தியே. ஆண் பறவை உதவிக்கு வராது. நண்பகல் வெயிலும் காகத்தின் கண்ணும் கூட்டின் மேல் படாமல் காத்த திரை அந்த ஒரு கிளைதான். கூட்டுப் படம் போடுகிறவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து, என்ன லென்ஸில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். இடம் எழுத வேண்டாம்.

பாலைமணல்

போய் வந்துவிட்டேன். ஃபிளாஷ் வாங்கவில்லை. நண்பர் தன்னுடையதில் நான்கைச் சுமந்து வந்தார். நெறியாளர் அனுமதித்தால் இருவர் படங்களையும் அருகருகே போடுகிறேன்.

மடேரா கேன்யனில் விடிந்ததும் போனோம், ஊட்டிகள் எல்லாம் காலி. இரவில் தேன் குடிக்கும் வௌவால்கள் வந்து துடைத்துவிட்டுப் போகுமாம். ஆகஸ்டில் அவற்றின் வருகையும் உச்சம். ஊழியர் நிரப்பிய இரண்டு நிமிடத்துக்குள் சண்டை தொடங்கிவிட்டது. வடக்கே அலாஸ்கா வரை போய் முட்டையிட்டுத் திரும்பும் செம்பழுப்பு ஹம்மிங் ஒன்று, தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ரிவோலி ஹம்மிங்கை விரட்டிக்கொண்டே இருந்தது. அன்னம் அக்கா சொன்ன குச்சி வித்தை இங்கே கைகொடுத்தது. விரட்டி முடித்ததும் அந்தப் போக்கிரி ஒரே ஓக் குச்சிக்குத்தான் திரும்பி வந்தான். வெயில் என் முதுகில். கழுத்தைத் திருப்பியபோது தொண்டை அடுப்புத் தணல் நிறத்தில் எரிந்தது, செதில் செதிலாகத் தெரிகிறது.

பேட்டன் மையத்தில் ஊதாத் தலை ஹம்மிங் வந்தது. கழுத்தும் வயிறும் சுண்ணாம்பு வெள்ளை, அலகு சிவப்பு. இந்த இனத்துக்குத் தொண்டைப் பகட்டே இல்லை என்பதால் எந்தப் பக்கம் நின்றாலும் படம் வருகிறது. என்னைப் போன்றவர்களுக்கென்றே படைத்த பறவை. பிற்பகல் இரண்டு மணிக்கு இடியோடு மழை கொட்டியது. கூரைக்கு அடியில் நின்று எடுத்ததில், மழைத்துளி தலையில் விழ விழ அது ஊட்டியில் உட்கார்ந்து தலையை உதறுகிறது. நீர்த்துளிகள் வட்டமாகத் தெறிக்கின்றன. 1/500.

ஊருக்கு வெளியே சாலையோரம் ஆனைக்கற்றாழை பூத்து நின்றது. இரண்டாள் உயரத் தண்டு, தட்டுத் தட்டாக மஞ்சள் பூ. அங்கே மட்டும் இதுவரை எந்த வித்தையும் பலிக்கவில்லை. பறவை எந்தத் தட்டுக்கு வரும் என்றே ஊகிக்க முடியவில்லை. கீழே நின்று அண்ணாந்து எடுத்ததில் எல்லாமே வானத்துக்கு எதிரே நிழலுருவம்.

கூர்முனை

மழைத்துளிப் படம் அருமை. உங்கள் நண்பரின் ரிவோலிப் படத்தையும் பாருங்கள்: தலை ஊதா, தொண்டை பச்சை இரண்டும் ஒரே நேரத்தில் ஒளிர்கின்றன. ஒற்றைச் சூரியனை வைத்துக்கொண்டு அதை எடுக்க வேண்டுமானால் ஒரு பிறவி போதாது. ஃபிளாஷை இரண்டு கோணத்தில் வைத்ததால் வந்தது.

ஸ்காபரோ அன்னம்

பார்த்தேன். நிறம் வடிவாக இருக்கிறது. பறவை எந்த நேரத்தில், எந்த ஊரில், என்ன மனநிலையில் இருந்தது என்று தெரியவில்லை. தம்பியின் ஓக் குச்சிப் போக்கிரியில் எல்லாம் தெரிகிறது.

ஒளிவில்

கற்றாழைக்கு: தண்டுக்குப் பக்கத்தில் மேடு இருந்தால் அதில் ஏறுங்கள். பூத்தட்டின் உயரத்துக்குக் கண் வந்தால் பின்னணி வானத்திலிருந்து மலைச்சரிவுக்கு மாறும். பூக்கள் கீழ்த்தட்டிலிருந்து மேல்நோக்கி விரிகின்றன. வாடியதற்கும் மொட்டுக்கும் நடுவே எந்தத் தட்டு மலர்ந்திருக்கிறதோ அதற்குத்தான் தேன் குடிக்க வரும். அந்த ஒரு தட்டை மட்டும் குறிவையுங்கள். மேடு இல்லையென்றால் காலையிலோ மாலையிலோ தொலைவிலிருந்து, தாழ்ந்த வெயில் உங்கள் முதுகில் இருக்கும்படி.

குச்சிப் படத்தின் மூலக் கோப்பை அனுப்ப முடியுமா? இங்கே ஏற்றிய பிரதியில் தொண்டையின் இடது ஓரத்தில் நான்கைந்து செதில்கள் ஒன்றாகக் கலந்த மாதிரி தெரிகிறது. சிவப்பு வெந்ததா, ஏற்றும்போது சுருக்கியதில் போனதா என்று பார்க்க வேண்டும்.

பாலைமணல்

அனுப்பிவிட்டேன் ஐயா. அரை ஸ்டாப்தான் குறைத்திருந்தேன்.